கணினிக் காவலும் அதற்கு ஆகும் செலவும்

காவல் என்பது மனிதன் கண்ட மிகப் பழைய தொழில்களுள் ஒன்று. தினைப்புனத்தில் பரண் அமைத்துக் கிளி ஓட்டிய காலம் முதல், மழைநாளில் ஏரிக்கரையின் மேல் விழித்திருந்து மடையைக் காத்த காலம் வரையில், எங்கே பயன் விளைகிறதோ அங்கே காவலும் வேண்டியிருந்தது. காவலுக்கு இரண்டு இலக்கணங்கள் உண்டு. காவலன் உரிய நேரத்தில் உரிய இடத்தில் இருக்கவேண்டும் என்பது ஒன்று. அவனுக்கு அளக்கும் கூலி விளைச்சலையே விழுங்கிவிடலாகாது என்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஒன்றையொன்று இழுப்பவை. அடிக்கடி சுற்றி வரச் சொன்னால் கூலி ஏறும். கூலியைக் குறைத்தால் சுற்றும் குறையும். இந்தப் பழைய வழக்கு நம் காலத்தில் கணினிகளுக்கு நடுவே புதிதாக எழுந்தது. அது எவ்வாறு எழுந்தது, அதனை யார் யார் எவ்வெவ்வாறு தீர்க்க முயன்றனர் என்னும் வரலாற்றையே இப்பேச்சில் சொல்ல விரும்புகிறேன்.

சர்வர் என்று நாம் வழங்கும் கணினி நம் கண்ணுக்கு முன்னால் இருப்பதன்று. எங்கோ குளிரூட்டிய ஓர் அறையில், நூற்றுக்கணக்கான துணைகளோடு அடுக்கடுக்காக நிற்கும் பொறி அது. நாம் ரயிலில் இடம் பதிவு செய்யும்போதும், வங்கிக் கணக்கைப் பார்க்கும்போதும், தேர்வு முடிவைத் தேடும்போதும் அதுவே நமக்கு விடை தருகிறது. அச்சு முறிந்த வண்டி ஓசை எழுப்பும். உடைந்த மடை நீரின் இரைச்சலால் தன்னைக் காட்டிக்கொள்ளும். சர்வரோ நோயுற்றால் வெளியே யாதொரு குறியும் காட்டுவதில்லை. வட்டு நிரம்பிவிட்டது என்றோ, நினைவகம் தீர்ந்துவிட்டது என்றோ அது தானாக வந்து முறையிடுவதில்லை. விடை கிடைக்காத மக்கள் முணுமுணுக்கத் தொடங்கும்போதுதான் பொறுப்பாளருக்குச் செய்தி எட்டும். ஆகவே, சர்வர்களை இடைவிடாமல் கேள்வி கேட்டு நலம் விசாரிக்கும் காவல் நிரல்கள் தோன்றின.

அவற்றுள் மிக எளியது பிங் என்பது. அமெரிக்கப் படைத்துறையின் எறிபொருள் ஆராய்ச்சிக்கூடத்தில் பணியாற்றிய மைக் மூஸ் என்பவர் 1983-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், ஒரே மாலைப்பொழுதில் அதனை எழுதினார். நீர்மூழ்கிக் கப்பலைக் கண்டறிய ஒலியை அனுப்பி எதிரொலிக்குக் காத்திருக்கும் கருவியின் ஓசையையே அதற்குப் பெயராக வைத்தார். "இருக்கிறாயா?" என்று கேட்பதும், "இருக்கிறேன்" என்னும் விடை வர எத்துணைக் காலம் ஆயிற்று என்று அளப்பதுமே அதன் வேலை. ஒரு கணினி உயிரோடு இருக்கிறதா என்பதை அது சொல்லும். அதன் உடல்நிலை எப்படி என்பதைச் சொல்லாது.

உடல்நிலையைத் தொடர்ந்து குறித்துவைக்கும் கருவிகளுள் புகழ்பெற்ற ஒன்று இங்கிலாந்தில் பிறந்தது. அங்கே லெஸ்டர் நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் 1994-ஆம் ஆண்டில் பணியாற்றிய டோபியாஸ் ஓட்டிக்கர் என்னும் சுவிட்சர்லாந்து இளைஞருக்கு ஒரு குறை இருந்தது. நொடிக்கு 64 ஆயிரம் பிட் மட்டுமே செல்லும் குறுகிய கம்பி வழியாகவே அப்பல்கலைக்கழகம் முழுவதும் இணையத்தை எட்டவேண்டியிருந்தது. அந்த வழி எவ்வளவு நெரிசலாக இருக்கிறது என்பதை யாவரும் காணும்படி அவர் ஒரு நிரலை எழுதினார். ஐந்து நிமிடங்களுக்கு ஒரு முறை எண்களை வாங்கி, வரைபடமாகத் தீட்டும் எம்.ஆர்.டி.ஜி. என்னும் அந்நிரல் 1995-ஆம் ஆண்டு வெளியாயிற்று.

நிரல் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மிக மெதுவாக ஓடியது. அது பெர்ல் என்னும் மொழியில் எழுதப்பட்டிருந்தது. அம்மொழி எழுதுபவருக்கு எளியது; பொறிக்கோ பளுவானது. அப்போது டேவ் ராண்ட் என்னும் மற்றொருவர் இதில் ஈடுபாடு கொண்டார். முழு நிரலையும் மாற்றி எழுத அவர் முனையவில்லை. எந்தப் பகுதி நேரத்தைத் தின்கிறதோ அதை மட்டும் கண்டுபிடித்து, பொறிக்கு நெருக்கமான சி மொழியில் திருப்பி எழுதினார். வேகம் 40 மடங்கு உயர்ந்தது என்று ஓட்டிக்கர் பதிவு செய்திருக்கிறார். எஞ்சிய பகுதி முன்போலவே பெர்ல் மொழியில் நின்றது. கட்டடம் முழுவதையும் இடிக்காமல், ஒழுகும் ஓட்டை மட்டும் மாற்றிய இந்தச் செயலை மாணவ நண்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். இதன் பின் வந்த முயற்சிகள் பலவற்றுக்கும் இது முன்மாதிரி.

இனி நம் கதையின் நடுப்பகுதிக்கு வருவோம். அமெரிக்காவில் ஈத்தன் கால்ஸ்டாட் என்பவர் 1999-ஆம் ஆண்டு நெட்செயின்ட் என்னும் காவல் நிரலை உலகுக்கு இலவசமாக அளித்தார். 'செயின்ட்' என்றால் புனிதர். வணிகப் பெயரைப் பற்றிய வழக்கு ஒன்று குறுக்கிட்டமையால், 2002-ஆம் ஆண்டில் நாகியோஸ் என்று அதற்கு மறுபெயர் சூட்டப்பட்டது. 'புனிதர் பட்டம் வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்தமாட்டோம்' என்னும் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளால் ஆனது அப்பெயர். கிரேக்க மொழியில் புனிதரைக் குறிக்கும் அகியோஸ் என்னும் சொல்லும் அதற்குள் ஒளிந்திருக்கிறது. விட்டுக்கொடுத்தும் விட்டுக்கொடாமலும் வைத்த பெயர் என்று சொல்லலாம்.

நாகியோஸின் சிறப்பு அதன் நடுவிலுள்ள நிரலுக்குக் காவல் தொழிலே தெரியாது என்பதுதான். வட்டை அளக்கவும், அஞ்சல் சேவையைச் சோதிக்கவும், தரவுத்தளத்தைத் தட்டிப் பார்க்கவும் அதற்குத் தெரியாது. இன்ன நேரத்தில் இன்னாரை அனுப்பவேண்டும் என்பது மட்டும் அதற்குத் தெரியும். அனுப்பப்படும் சிறு நிரல்களுக்குச் செருகுநிரல்கள், அதாவது பிளகின்கள், என்று பெயர். ஒவ்வொன்றும் ஒரு கேள்வியை மட்டும் கேட்டுவிட்டு ஒரு வரி விடையும் ஓர் எண்ணும் தந்து மறையும். எண் 0 என்றால் நலம். 1 என்றால் எச்சரிக்கை. 2 என்றால் ஆபத்து. 3 என்றால் நிலை தெரியவில்லை. உடன்படிக்கை முழுவதும் இவ்வளவே.

இந்த எளிமையே நாகியோஸை நாடெங்கும் பரப்பியது. எந்த மொழியில் வேண்டுமானாலும் செருகுநிரல் எழுதலாம். பத்து வரியில் எழுதத் தெரிந்த மாணவனும் எழுதலாம். தவறாக எழுதினாலும் அந்த ஒரு செருகுநிரல் மட்டும் வீழுமேயன்றி நடுவில் உள்ள நிரலுக்குத் தீங்கு வராது. ஆயிரக்கணக்கான செருகுநிரல்களை உலகெங்கும் உள்ளவர்கள் எழுதிப் பகிர்ந்துகொண்டனர். அச்சுப்பொறி முதல் மின்கலம் வரையில் எதற்கும் ஒரு காவலன் கிடைத்தான்.

ஆனால் அந்த எளிமைக்கு ஒரு விலை இருந்தது. அந்த விலையை அறிய, கணினிக்குள் ஒரு நிரல் எப்படிப் பிறக்கிறது என்பதைச் சற்றுத் தெரிந்துகொள்ளவேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்குப் பிராசஸ் என்று பெயர். யூனிக்ஸ் மரபில் வந்த கணினிகளில் ஒரு பிராசஸ் இன்னொன்றைப் பெற்றெடுக்கவேண்டுமாயின், முதலில் தன்னைப் போலவே ஒரு படியை ஆக்கும். மரக்கிளை இரண்டாகப் பிரியும் கவையைப் போன்றது என்பதால் இதற்கு ஃபோர்க் என்று பெயரிட்டனர். மெல்வின் கான்வே 1963-ஆம் ஆண்டு எழுதிய கட்டுரையில் இப்பெயர் வருகிறது. பின்னர் யூனிக்ஸ் அதனைத் தனதாக்கிக்கொண்டது. பிறந்த படி, தாயிடமிருந்து பெற்றதையெல்லாம் உதறிவிட்டுப் புதிய நிரலை வட்டிலிருந்து எடுத்து அணிந்துகொள்ளும். அதற்குத் துணையான நூலகங்களைத் தேடிச் சேர்க்கும். பெர்ல் போன்ற மொழியில் எழுதியதாயின், மொழிபெயர்ப்பு நிரல் முதலில் விழித்தெழுந்து, மூலத்தை முதல் வரியிலிருந்து படித்து, பொருள் கண்டு, அதன் பின்னரே வேலையைத் தொடங்கும். வேலையோ ஒரு கேள்வி. அது முடிந்ததும் இத்தனை ஏற்பாடும் கலைந்துபோகும். அடுத்த சுற்றில் மீண்டும் முதலிலிருந்து தொடங்கவேண்டும்.

மாணவர்களிடம் இதை விளக்கும்போது நான் ஒரு சிறு கணக்கைப் போடச் சொல்வது வழக்கம். ஒரு நிறுவனத்தில் 500 சர்வர்கள் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் 20 சோதனைகள். மொத்தம் 10,000. இவற்றை ஐந்து நிமிடங்களுக்கு ஒரு முறை செய்யவேண்டும். ஐந்து நிமிடம் என்பது 300 நொடி. எனவே நொடிக்கு 33 சோதனைகள். ஒவ்வொரு செருகுநிரலும் பிறந்து எழுவதற்கு மட்டும் பத்தில் ஒரு நொடி ஆகுமென்றால், ஒவ்வொரு நொடியிலும் மூன்று நொடிக்கு மேற்பட்ட உழைப்பு காத்திருக்கிறது. மூன்று செயலிகள் முழு நேரமும் உழைத்தாலும் போதாது. கேள்வி இன்னும் கேட்கப்படவே இல்லை. இது கேள்வி கேட்க எழுந்து நிற்பதற்கு ஆகும் செலவு மட்டுமே.

செலவு மிகுந்தால் என்ன ஆகும்? காவல் பின்தங்கும். பத்து மணிக்கு நடக்கவேண்டிய சோதனை பத்து மணி ஐந்து நிமிடத்திற்கு நடக்கும். நாகியோஸ் இந்தப் பின்னடைவைத் தானே அளந்து காட்டுகிறது. அதனினும் பெரிய தீங்கு ஒன்று உண்டு. காவல் கணினி மூச்சுத் திணறும்போது, செருகுநிரலுக்கு உரிய நேரத்தில் இடம் கிடைப்பதில்லை. அது காலக்கெடுவைத் தாண்டிவிடும். தாண்டியவுடன், எதிரே உள்ள சர்வர் விடை தரவில்லை என்று ஆபத்துச் செய்தி பறக்கும். உண்மையில் அந்தச் சர்வர் நலமாகவே இருக்கும். நள்ளிரவில் எழுப்பப்பட்ட பொறுப்பாளர் இரண்டு முறை ஓடி வந்து பார்ப்பார். மூன்றாம் முறை புரண்டு படுப்பார். புலி வருகிறது என்று கூவிய சிறுவனின் கதையை நீங்கள் அறிவீர்கள். அந்த மூன்றாம் முறையில் மெய்யாகவே வீழ்ந்தது ஒரு மருத்துவமனையின் சர்வராகவும் இருக்கக்கூடும். செருகுநிரலின் வேகத்தைப் பற்றிய ஆராய்ச்சி வெறும் பொறியியல் விளையாட்டன்று என்பதற்கு இதுவே காரணம்.

இச்சிக்கலுக்கு அறிஞர்கள் கண்ட வழிகள் பல. முதல் வழி, பிறப்புச் செலவைக் குறைப்பது. பெர்ல் மொழியின் மொழிபெயர்ப்பு நிரலை நாகியோஸின் வயிற்றுக்குள்ளேயே வைத்துவிட்டால் என்ன என்று எண்ணினர். ஒரு முறை படித்த செருகுநிரலை மனப்பாடமாக வைத்துக்கொண்டு, மறுமுறை படிக்காமலே ஓட்டலாம். அப்படியே செய்தனர், பலன் கிடைத்தது. ஆயினும் புதிய தொல்லைகள் முளைத்தன. ஒரு முறை ஓடி மறைவதற்கென்று எழுதப்பட்ட செருகுநிரல்கள் தாம் பயன்படுத்திய பாத்திரங்களைக் கழுவி வைக்கும் வழக்கம் இல்லாதவை. முந்திய ஓட்டத்தின் மிச்சம் அடுத்த ஓட்டத்தில் தலையிட்டது. நினைவகம் நாள்தோறும் சிறிது சிறிதாகக் கசிந்தது. ஒன்று வீழ்ந்தால் மற்றொன்றுக்குத் தீங்கு இல்லை என்னும் பழைய காப்பும் தளர்ந்தது. இறுதியில், 2013-ஆம் ஆண்டு வெளிவந்த நாகியோஸ் நான்காம் பதிப்பில் இந்த ஏற்பாடு நீக்கப்பட்டது.

இரண்டாம் வழி, செருகுநிரலையே திருத்துவது. பிங் சோதனையை எடுத்துக்கொள்வோம். 'செக் பிங்' என்னும் செருகுநிரல் தான் பிறந்த பிறகு, கணினியில் உள்ள பிங் நிரலையும் தனியே பிறப்பித்து, அது சொல்வதைக் கேட்டு எழுதும். ஐந்து கேள்விகளை நொடிக்கு ஒன்றாக அனுப்புவதால் ஒரு சோதனைக்கு நான்கு நொடி கழியும். இதற்கு மாற்றாகச் சுவீடனைச் சேர்ந்த ஆன்ட்ரியாஸ் எரிக்சன் 'செக் ஐசிஎம்பி' என்பதை எழுதினார். அது பிறர் துணையின்றித் தானே கேள்விகளை அனுப்புகிறது. ஒரு கேள்விக்கும் அடுத்ததற்கும் இடையே 80 மில்லி நொடி மட்டுமே விடுகிறது. நான்கு நொடியில் முடிந்த வேலை அரை நொடிக்குள் முடிகிறது. இதற்கும் ஒரு விலை உண்டு. அத்தகைய கேள்வியை நேரடியாக அனுப்பக் கணினியின் தலைமை அதிகாரம் தேவை. அதை ஒரு செருகுநிரலிடம் கொடுப்பதில் எச்சரிக்கை வேண்டும்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்கவேண்டும். செலவு இரு வகைப்படும். பெர்ல் நிரல் எழுந்து நிற்பது உழைப்புச் செலவு. செயலி அங்கே வேர்வை சிந்துகிறது. பிங் விடைக்காகக் காத்திருப்பது வெறும் காத்திருப்பு. செயலி அப்போது வேறு வேலை பார்க்கலாம், ஆனால் நினைவகத்தில் ஓர் இடம் அடைபட்டுக் கிடக்கும். உழைப்பைக் குறைக்கும் மருந்து காத்திருப்பைக் குறைக்காது. காத்திருப்பைக் குறைக்கும் மருந்து உழைப்பைக் குறைக்காது. நோய் எது என்று அறியாமல் மருந்து கொடுத்தவர்கள், பொறியை மட்டும் பெரிதாக வாங்கிவிட்டுப் பயன் காணாமல் திகைத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

மூன்றாம் வழி, பளுவைப் பகிர்வது. எல்லாச் சோதனைகளையும் ஒரே கணினி ஏன் செய்யவேண்டும்? என்.ஆர்.பி.இ. என்னும் தூதனைக் கால்ஸ்டாட் படைத்தார். அது ஒவ்வொரு சர்வரிலும் அமர்ந்திருந்து, நடுக்கணினி கேட்கும்போது செருகுநிரலை அங்கேயே ஓட்டி விடையை அனுப்பும். என்.எஸ்.சி.ஏ. என்பது இதற்கு மறுதலை. சர்வர் கேளாமலே தன் நிலையை அனுப்ப, நடுக்கணினி பெற்றுக்கொள்ளும். 2010-ஆம் ஆண்டையொட்டி, ஜெர்மனியைச் சேர்ந்த ஸ்வென் நியர்லைன் மோட்-கியர்மேன் என்பதை உருவாக்கினார். நடுக்கணினி வேலைகளை ஒரு வரிசையில் வைக்கும். பல கணினிகளில் உள்ள வேலையாட்கள் கை ஒழிந்தபோது எடுத்துச் செய்வர். இவை பளுவைத் தோள்மாற்றின. ஆனால் மொத்தப் பளுவைக் குறைக்கவில்லை. ஒரு சர்வரில் 20 சோதனை என்றால், 20 முறை கதவைத் தட்டி, 20 முறை இரகசியக் குறியீட்டுக்கான உடன்பாடு செய்துகொண்டு, 20 முறை ஒரு பிராசஸைப் பிறப்பிக்கவேண்டியே இருந்தது.

மொத்தப் பளுவையே குறைத்தவர்களுள் ஒருவர் ம்யூனிக் நகரத்து மத்தியாஸ் கெட்னர். 2008-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட செக்-எம்கே, கேள்வி கேட்கும் முறையையே மாற்றியது. நம் வீட்டில் உப்புக்கு ஒரு முறை, புளிக்கு ஒரு முறை, மிளகுக்கு ஒரு முறை என்று கடைக்கு ஆள் அனுப்புவோமா? பட்டியல் எழுதி ஒரே முறை அனுப்புவோம். அதைப் போலவே, சர்வரில் உள்ள எளிய நிரல் ஒன்று வட்டு, நினைவகம், செயலி, வலையமைப்பு ஆகிய எல்லாவற்றின் நிலையையும் ஒரே தாளில் எழுதித் தந்துவிடும். நடுவில் உள்ள நிரல் ஒரு முறை கதவைத் தட்டி அந்தத் தாளை வாங்கி வந்து, தன்னிடம் வைத்துப் பிரித்து, ஒவ்வொரு விடையையும் நாகியோஸிடம் ஒப்படைக்கும். நம் பழைய கணக்கில் இதைப் பொருத்திப் பாருங்கள். 500 சர்வர்களை நிமிடத்திற்கு ஒரு முறை பார்த்தாலும், நொடிக்கு எட்டு அல்லது ஒன்பது பயணங்களே ஆகின்றன. ஐந்து மடங்கு அடிக்கடி பார்க்கிறோம்; பயணமோ நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது.

நான்காம் வழி, இறவாமல் இருப்பது. ஃப்ளோரியான் ஃபோர்ஸ்டர் 2005-ஆம் ஆண்டில் தொடங்கிய கலெக்ட்-டீ என்னும் நிரல் சி மொழியில் எழுதப்பட்டது. அதன் செருகுநிரல்கள் தனிப் பிராசஸ்களாகப் பிறப்பதில்லை. தாய் நிரலின் உறுப்புகளாகவே சேர்ந்து, அது வாழும் வரையில் வாழ்கின்றன. பிறப்புச் செலவு ஒரே முறை என்பதால், பத்து நொடிக்கு ஒரு முறை அளப்பதைத் தன் இயல்பான வழக்கமாக வைத்துக்கொள்ள அதனால் முடிந்தது. நார்வே நாட்டில் பிறந்த முனின் என்னும் நிரலோ பழைய வழியில் நின்றது. வட நாட்டுப் புராணத்தில் ஓடின் என்னும் தெய்வத்திற்கு உலகச் செய்தியைக் கொண்டுவரும் காகத்தின் பெயர் அது. ஐந்து நிமிடத்திற்கு ஒரு முறை நூற்றுக்கணக்கான சிறு நிரல்களை அது ஓட்டிற்று. பின்னாளில், ஒரே செருகுநிரல் பல வரைபடங்களுக்கு வேண்டிய எண்களை ஒருங்கே தரும் முறையை அதுவும் ஏற்றது. அடிக்கடி ஓடும் சில செருகுநிரல்களைச் சி மொழியிலும் எழுதி வைத்தனர்.

அளப்பது மட்டுமன்று, அளந்ததை எழுதி வைப்பதும் செலவுதான். ஓட்டிக்கர் 1999-ஆம் ஆண்டில் ஆர்.ஆர்.டி. கருவியை வெளியிட்டார். பழைய எண்களைச் சுருக்கி, வட்டமாகச் சுற்றிவந்து, அதே இடத்தில் புதியவற்றை எழுதுவதால் அதன் ஏடு ஒருபோதும் பெருப்பதில்லை. ஆனால் ஆயிரக்கணக்கான ஏடுகள் சேர்ந்தபோது, ஒவ்வோர் ஏட்டிலும் சில எழுத்துகளை மாற்றுவதற்காக வட்டின் முள் அங்குமிங்கும் ஓடி ஓய்ந்தது. 2009-ஆம் ஆண்டில் இதற்கு ஒரு கணக்குப்பிள்ளையை நடுவில் அமர்த்தினர். அவர் வரும் எண்களைச் சில நிமிடங்கள் கையில் வைத்திருந்து, ஓர் ஏட்டுக்கு உரியவற்றைச் சேர்த்து ஒரே தடவையில் எழுதுவார். இடையில் மின்சாரம் நின்றால் எண்கள் அழிந்துபோகாதபடி, வந்தவற்றை வரிசையாக ஒரு நாட்குறிப்பிலும் பதிந்து வைப்பார். இந்தக் கணக்குப்பிள்ளை நிரலை எழுதியதில் கலெக்ட்-டீ தந்த ஃபோர்ஸ்டருக்குப் பெரும் பங்கு உண்டு. ஒரு துறையின் நோயை நன்கு அறிந்தவரே அடுத்த துறையிலும் அதே நோயை அடையாளம் கண்டுகொள்கிறார்.

இவ்வளவு நடந்த பிறகு, நாகியோஸும் தன் உள்ளமைப்பைத் திருத்திக்கொண்டது. முந்திய மூன்றாம் பதிப்பில், கொழுத்த நடு நிரல் ஒவ்வொரு சோதனைக்கும் தன்னை இரு முறை கவைத்துப் பிறப்பித்தது. தாய் பெரிதாயின் படியெடுப்பதும் கடினம். பக்கங்களை உடனே நகலெடுக்காமல் தேவை வரும்போது எடுக்கும் உத்தி கணினிகளில் இருந்தாலும், எந்தப் பக்கம் எங்கே உள்ளது என்னும் அட்டவணையை நகலெடுத்தே ஆகவேண்டும். பிறந்த பிள்ளை தன் விடையை வட்டில் ஒரு சிறு கோப்பாக எழுதும். தாய் அவ்வப்போது வந்து கோப்புகளைப் பொறுக்கிச் செல்லும். நான்காம் பதிப்பில், செக் ஐசிஎம்பியை எழுதிய அதே எரிக்சன் இதனை மாற்றினார். தொடக்கத்திலேயே சில மெலிந்த வேலையாட்களைப் பிறப்பித்து நிறுத்தினார். நடு நிரல் இனித் தானே எதையும் பெற்றெடுக்க வேண்டியதில்லை. வேலையாட்களிடம் சொன்னால் போதும். மெலிந்தவர்கள் ஆகையால் அவர்கள் படியெடுப்பது விரைவாக நடந்தது. விடைகள் வட்டைத் தொடாமல் நேராகத் தாயை வந்து சேர்ந்தன. செருகுநிரல்களில் ஓர் எழுத்தும் மாறவில்லை. 0, 1, 2, 3 என்னும் உடன்படிக்கையும் மாறவில்லை. அனுப்பும் முறை மட்டுமே மாறிற்று.

நாகியோஸின் வளர்ச்சி போதிய விரைவில் இல்லை என்று கருதியவர்கள் 2009-ஆம் ஆண்டிலேயே ஐசிங்கா என்னும் கிளையைத் தொடங்கியிருந்தனர். அது ஜூலு மொழிச் சொல். தேடிப் பார்ப்பது என்பது அதன் பொருள். 2014-ஆம் ஆண்டில் அவர்கள் பழைய நிரலை விட்டு, முற்றிலும் புதிதாக எழுதிய இரண்டாம் ஐசிங்காவைத் தந்தனர். புதிய வீடாயினும், பழைய செருகுநிரல்களை அது அப்படியே ஏற்றுக்கொண்டது. கால்ஸ்டாட் வகுத்த நான்கு எண்களின் ஆயுளுக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அந்த நான்கு எண்களையே விட்டு விலகிய ஒரு முயற்சியையும் சொல்லவேண்டும். சவுண்ட்கிளவுட் என்னும் இசை நிறுவனத்தில் 2012-ஆம் ஆண்டில் தொடங்கிய புரோமீதியஸ், சேவை செய்யும் நிரலே தன் எண்களைத் தன் வாசலில் எழுதி வைக்கவேண்டும் என்றது. காவலன் வாசலில் உள்ள பலகையைப் படித்துக்கொண்டு போவான். நலமா, ஆபத்தா என்னும் தீர்ப்பைப் பின்னர் தன்னிடத்தில் கூறிக்கொள்வான். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பிராசஸ் பிறந்து இறக்கும் வழக்கம் இங்கே இல்லை. ஆயினும் காவற்கூலி முற்றும் ஒழிந்துவிடவில்லை. பலகையில் தேவையற்ற எண்களை எழுதிக் குவித்தால், அவற்றைச் சேர்த்து வைக்கும் இடம் நினைவகத்தைத் தின்றுவிடும். வழக்கு அதே வழக்கு. வாயில் மட்டும் வேறு.

மாணவ நண்பர்களே, இந்த முப்பதாண்டு வரலாற்றிலிருந்து செருகுநிரல் எழுத விரும்பும் ஒருவர் எடுத்துக்கொள்ளத்தக்க செய்திகளைத் தொகுத்துச் சொல்கிறேன். முதலில் அளந்து பாருங்கள். நேரம் பிறப்பில் போகிறதா, உழைப்பில் போகிறதா, காத்திருப்பில் போகிறதா என்று தெரியாமல் ஒரு வரியையும் மாற்றாதீர்கள். இரண்டாவது, ஒரே இடத்திற்குச் செல்லும் பயணங்களை ஒன்றாக்குங்கள். மூன்றாவது, அரும்பாடுபட்டுப் பெறும் விடையை ஒவ்வொரு முறையும் புதிதாகத் தேடாதீர்கள். பெரிய கோப்பகத்தின் அளவைக் கணக்கிட ஒரு நிமிடம் ஆகுமென்றால், மணிக்கு ஒரு முறை தனியே கணக்கிட்டு எழுதி வைத்து, செருகுநிரல் அந்தக் குறிப்பைப் படிக்கட்டும். குறிப்பு பழையதாகிவிட்டதா என்பதையும் அது பார்க்கட்டும். நான்காவது, எல்லாச் சோதனைகளையும் ஒரே மணித்துளியில் தொடங்காதீர்கள். கோயில் வாசலில் எல்லோரும் ஒரே கணத்தில் நுழைய முயன்றால் ஒருவரும் உள்ளே போகமுடியாது. நாகியோஸ் தன் சோதனைகளை இடைவெளி விட்டுப் பரப்பி வைப்பது இதனால்தான். ஐந்தாவது, ஒவ்வொரு செருகுநிரலுக்கும் ஒரு காலக்கெடு வையுங்கள். கெடு தாண்டினால் 'நிலை தெரியவில்லை' என்று 3-ஆம் எண்ணைச் சொல்லட்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் காவலன், பொய்யாகக் கூவும் காவலனைவிட நம்பத்தக்கவன்.

இவற்றுக்கெல்லாம் முந்திய கேள்வி ஒன்றும் உண்டு. இந்தச் சோதனை வேண்டுமா? விடை எதுவாக இருந்தாலும் யாரும் எதுவும் செய்யப்போவதில்லை என்றால், அந்தக் கேள்வியைக் கேட்பதில் பயன் இல்லை. எத்துணை விரைவான செருகுநிரலும், ஓட்டத் தேவையில்லாத செருகுநிரலைவிட விரைவானதன்று.

டேவ் ராண்ட் ஒழுகும் ஓட்டை மட்டும் மாற்றினார். கெட்னர் பயணங்களை ஒன்றாக்கினார். ஃபோர்ஸ்டர் இறந்து பிறப்பதை ஒழித்தார். எரிக்சன் அனுப்பும் ஆளை மெலிதாக்கினார். இவர்களுள் எவரும் மிகப் பெரிய பொறியை விலைக்கு வாங்கி இச்சிக்கலைத் தீர்க்கவில்லை. பளு எங்கே இருக்கிறது என்று பொறுமையோடு பார்த்தார்கள்; பார்த்த இடத்தில் கை வைத்தார்கள். தங்கள் உழைப்பின் பலனையும் மூலத்தோடு உலகுக்கு அளித்தார்கள். அந்த மூலத்தை இன்று எந்த ஊரில் உள்ள மாணவரும் திறந்து படிக்கலாம். குறை கண்டால் திருத்தி அனுப்பலாம். அப்படி அனுப்பப்படும் ஒரு சிறு திருத்தம், எங்கோ ஓர் இரவில், ஒரு மருத்துவமனையின் சர்வர் வீழ்வதற்குச் சில நிமிடம் முன்னதாகவே அதன் பொறுப்பாளரை எழுப்பிவிடக்கூடும். அந்தச் சில நிமிடங்களுக்காகவே இத்தனை உழைப்பும்.